மழைக் கணக்கும் கூலிக் கணக்கும்

“இயற்கையின் சீற்றத்துக்கு யார் என்ன செய்ய முடியும்?”

வறட்சி வந்தாலும் வெள்ளம் வந்தாலும் இந்த ஒரு வாக்கியத்தை உதிர்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டும் கனவான்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். மேடையிலும் அதே பேச்சு. தாலுகா கச்சேரியிலும் அதே பேச்சு.

மழை பெய்வதும் பொய்ப்பதும் முழுக்க மனிதன் கையில் இல்லை, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பெய்த மழை யார் வீட்டை இடிக்கிறது, பொய்த்த மழை யார் அடுப்பை அணைக்கிறது என்பது வானத்தில் தீர்மானமாகும் விஷயமா? இல்லை. நிலத்தின் மீதும் காட்டின் மீதும் யாருக்கு உரிமை, யாருடைய பெயர் பதிவேட்டில் ஏறியிருக்கிறது என்பதை வைத்துப் பூமியிலேதான் அது தீர்மானமாகிறது. காவிரிக்குத் தண்ணீர் கொடுக்கும் மலையிலிருந்து அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் கடைமடை வரை ஒரு நடை பார்த்து வந்தால் இது விளங்கிவிடும்.

ஒரே நாள், ஒரே மழை

2024-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். அன்று மாலை மேட்டூர் அணை 120 அடியை எட்டியது. அம்மாதத் தொடக்கத்தில் 50 அடிகூட இல்லாமல் கிடந்த அணை அது. வழக்கமாக ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மதகை அந்த ஆண்டு ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். திறந்த மூன்றாம் நாளே அணை நிரம்பிவிட்டது. தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கத்து விவசாயிகளின் நெஞ்சு குளிர்ந்தது. குறுவை போனாலும் சம்பா கிடைக்கும் என்று மூச்சு விட்டார்கள்.

அதே ஜூலை 30, பொழுது விடியும் முன்னே, வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை என்ற இரண்டு ஊர்களின் மீது மலை சரிந்து விழுந்தது. இரண்டு நாட்களில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழையில் மண்ணும் பாறையும் மரமும் ஆறாகப் பெருகி, தூங்கிக்கொண்டிருந்தவர்களை வாரிக்கொண்டு போயின. இருநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பலர்.

இரண்டும் வேறு வேறு சம்பவங்கள் அல்ல. ஒரே தென்மேற்குப் பருவமழைதான் இரண்டையும் செய்தது. வயநாட்டில் ஒரு முகட்டுக்கு மேற்கே விழும் துளி சாலியாற்றில் கலந்து அரபிக் கடலுக்குப் போகிறது; கிழக்கே விழும் துளி கபினியில் இறங்கி, காவிரியில் சேர்ந்து, மேட்டூருக்கு வருகிறது. முகட்டின் ஒரு பக்கம் பிணம் தேடினார்கள். மறுபக்கத்துத் தண்ணீரில் இங்கே நாற்று விட்டோம். இதைச் சொல்வது யாரையும் குற்றம் சாட்ட அல்ல. நம் வயலுக்கு வரும் தண்ணீரின் பிறந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று நம் தோழர்களில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம் என்று கேட்டுக்கொள்ளத்தான்.

முண்டக்கை முதல் சம்பவமும் அல்ல. 2019 ஆகஸ்டு 8-ல் அதற்கு அண்டையிலுள்ள புத்துமலை சரிந்து 17 பேர் போனார்கள். அதே நாட்களில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. தமிழ்நாட்டின் வருஷ மழையே சராசரியாக 92 சென்டிமீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்! அடுத்த ஆண்டு ஆகஸ்டு 6 இரவு மூணாறுக்குப் பக்கத்தில் பெட்டிமுடி. அங்கே தேயிலைத் தோட்ட லயங்களில் குடியிருந்த 70 பேரை மண் மூடியது. அத்தனையும் தமிழ்க் குடும்பங்கள். பலருக்குப் பூர்வீகம் கயத்தாறுப் பக்கம். வானம் பார்த்த பூமியில் பிழைக்க வழியின்றி மலையேறிய பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள், கடைசியில் மழையாலேயே போனார்கள்.

அந்த லயங்கள் எங்கே இருந்தன? சரிவின் அடியில், ஓடையின் ஓரத்தில். தேயிலைத் தோட்டங்களைச் சுற்றி வந்தவர்களுக்கு இது புதிதல்ல. துரை பங்களா மேட்டில் இருக்கும். கூலி லயம் பள்ளத்தில் இருக்கும். வெள்ளைத் துரை போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. மேடும் பள்ளமும் மட்டும் இடம் மாறவில்லை.

காடு என்றால் மரம் மட்டுமா?

மேற்கு மலையில் உயரமான இடங்களில் பள்ளத்தாக்குகளிலே சோலைக் காடும் அதைச் சுற்றி மேட்டிலே புல்வெளியுமாக இருக்கும். சோலைத் தரையில் மட்கிய இலைகள் மெத்தைபோலக் கிடக்கும். அந்த மெத்தையும் புல்லின் வேரும் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, மழை ஓய்ந்த பிறகும் ஊற்றாகக் கசியவிடும். பவானியும் மோயாறும் நொய்யலும் அமராவதியும் இப்படிக் கசிந்தும் பெருகியும் வந்த ஆறுகள்தான்.

வெள்ளைக்காரன் முதலில் சோலையை வெட்டிக் காப்பியும் தேயிலையும் போட்டான். புல்வெளியைப் பார்த்து, “இது வீண் தரிசு” என்று முடிவு கட்டி, கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் நட்டான். சுதந்திரம் வந்த பிறகாவது நம்மவர்கள் நிறுத்தினார்களா? தோல் பதனிடவும் செயற்கைப் பட்டுக்கும் மரம் வேண்டும் என்று வன இலாகாவே முன்னின்று மேலும் மேலும் நட்டது. காகிதத்தில் அதற்கும் பெயர் ‘காடு’தான். எண்ணிப் பார்த்தால் மரம் அதிகம். தோண்டிப் பார்த்தால் ஈரம் குறைவு.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். ஒரே நாளில் 80 சென்டிமீட்டர் கொட்டினால் எந்தக் காடும் முழுவதையும் தாங்காது. ஆனால் வேர் பிடித்த மண்ணும், சாலைக்காகவும் விடுதிக்காகவும் கால் வெட்டப்பட்ட மண்ணும் ஒன்றல்ல. மழையின் குணமும் மாறிவிட்டது. காற்று 1 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் அதிக ஈரத்தைச் சுமக்கும் என்பது விஞ்ஞானம். அரபிக் கடல் சூடேறிக்கொண்டிருக்கிறது. நாற்பது நாள் பெய்யவேண்டியது நான்கு நாளில் கொட்டுகிறது. பிறகு வெயில் காய்கிறது. இந்தச் சூட்டுக்குக் காரணம் யார்? நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துக் கொழுத்த ஏகாதிபத்திய நாடுகளின் ஆலைகள்தான் முதல் காரணம். பெட்டிமுடித் தொழிலாளி எரித்தது இரண்டு கட்டு விறகு.

மாதவ் காட்கில் தலைமையிலான நிபுணர் குழு 2011-ல் மேற்கு மலை முழுவதையும் மூன்று மண்டலங்களாகப் பிரித்துக் காக்கவேண்டும் என்றது. அதைக் கிடப்பில் போட்டு, கஸ்தூரிரங்கன் தலைமையில் இன்னொரு குழு வைத்தார்கள். 2013-ல் அது காக்கவேண்டிய பரப்பை 37 சதவீதம் அளவுக்குச் சுருக்கியது. அதுவும் வரைவு, மறுவரைவு என்று ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. முண்டக்கை புதைந்த மறுநாள், 2024 ஜூலை 31-ல், மத்திய சர்க்கார் மீண்டும் ஒரு வரைவு வெளியிட்டது. பிணம் எடுத்து முடியவில்லை, காகிதம் வந்துவிட்டது!

அதே சமயம், காட்டைக் காப்பது என்றால் காட்டிலிருப்பவனை விரட்டுவது என்று அர்த்தம் பண்ணும் இலாகாவோடும் நமக்கு உடன்பாடில்லை. 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது சும்மா அல்ல. பழங்குடி மக்களும் இடதுசாரிகளும் போராடி வந்தது. மலையில் அரை ஏக்கர் வைத்திருக்கும் குடியானவனுக்கும் மலையைக் குடைந்து கல் எடுக்கும் குவாரி முதலாளிக்கும் ஒரே நோட்டீஸ் அனுப்பினால், குடியானவன் குவாரிக்காரன் பின்னால் போய் நிற்பான். மலைக்கிராமங்களில் இது நடந்தும் இருக்கிறது. நம் இயக்கத்தார் சிலரும் இதில் தடுமாறினார்கள் என்பதை மறைப்பதில் பயனில்லை.

கடைமடையில்

இனி ஆற்றோடு கீழே வருவோம்.

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஜூன் 12-ல் திறந்தால் கல்லணைக்கு மூன்று நான்கு நாளில் வந்து, வெண்ணாறு, வெட்டாறு, பாமணியாறு, அடப்பாறு என்று பிரிந்து, தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்கு வந்து சேர மேலும் நாளாகும். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் ஒரு தடவைகூட ஜூன் 12-ல் திறக்கவில்லை. 2016-ல் செப்டம்பர் 20. 2017-ல் அக்டோபர் 2. அப்புறம் 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2023-ல் ஜூன் 12-ல் திறந்து, தண்ணீர் தீர்ந்து அக்டோபர் 10-ல் மூடினார்கள். ஆக, ஆறு வரும் நாளை நம்பிப் பட்டம் வைத்திருந்த பூமி இன்று நாளை நம்ப முடியாமல் தவிக்கிறது.

இதில் மழை பாதி, அரசியல் பாதி. 2007-ல் நடுவர் மன்றம் பிலிகுண்டுலுவில் 192 டி.எம்.சி. வரவேண்டும் என்றது. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆகக் குறைத்தது. மழை நிறைந்த ஆண்டில் இந்த எண்களுக்கு வேலையே இல்லை; குறைந்த ஆண்டில்தான் தகராறு. குறைவை விகிதப்படி பகிர வேண்டும் என்ற ஏற்பாடு ஏட்டில் இருக்கிறது. ஆனால் குறை வந்த ஒவ்வொரு ஆண்டும் இரு பக்கத்து முதலாளிக் கட்சிகளும் கொடி பிடித்து ஜனங்களை மோதவிட்டதுதான் மிச்சம். மண்டியாவில் கரும்பு காய்ந்து நிற்பவன் நமக்கு எதிரி அல்ல. அவனும் நம்மைப்போல வானத்தைப் பார்த்து நிற்பவன்தான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். தண்ணீர் தாமதமானால் முதலில் நஷ்டப்படுபவர் யார்? “நிலம் வைத்திருப்பவர்” என்று சட்டென்று பதில் வரும். தவறு.

தண்ணீர் ஜூனில் வந்தால் நாற்றங்கால் விட்டு, நாற்றுப் பறித்து, நடவு நடுவார்கள். ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து பெண்கள் இறங்குவார்கள். குறுவை நடவு, அப்புறம் சம்பா, தாளடி நடவு, இடையில் களையெடுப்பு என்று ஒரு கூலிப் பெண்ணுக்கு ஆனியிலிருந்து கார்த்திகை வரை விட்டு விட்டாவது வேலை இருக்கும். தண்ணீர் செப்டம்பரில் வந்தால்? குறுவை இல்லை, அதன் நடவும் அறுப்பும் இல்லை. சம்பாவுக்கும் நாற்று விட நேரமில்லை. மிராசுதாரரும் சரி, நடுத்தர விவசாயியும் சரி, நேரடி விதைப்புக்குப் போய்விடுகிறார். உழுத நிலத்தில் விதையைத் தெளித்தால் தீர்ந்தது. நேரடி விதைப்பில் களை அதிகம் வரும். அதற்கும் களைக்கொல்லி வந்துவிட்டது. விவசாயி செலவை மிச்சப்படுத்துகிறார். அவர் நிலைமையில் அது நியாயமும்தான். ஆனால் நாற்றுப் பறி போயிற்று, நடவு போயிற்று, களையெடுப்பும் போயிற்று. விதை முளைக்கும் முன்பே, ஒரு கதிர்கூடச் சாயும் முன்பே, அந்தப் பெண்ணின் அரை ஆண்டு வருமானம் போய்விட்டது. அதற்குப் பிறகு நல்ல மழை பெய்து அமோகமாக விளைந்தால் சர்க்கார் புள்ளிவிவரத்தில் அது ‘நல்ல ஆண்டு’! அவளுடைய நஷ்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

2016-ஐ நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை அவ்வாண்டு 62 சதவீதம் குறைந்தது. 44 சென்டிமீட்டர் பெய்யவேண்டிய இடத்தில் சுமார் 17 பெய்தது. விதைத்த சம்பா கருகியது. மனம் உடைந்து விவசாயிகள் மாண்டார்கள். 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி என்று அறிவித்து, நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம் என்றார்கள். போதாது என்று தில்லி வரை போய்ப் போராடியதும் தெரிந்த கதை. அந்தப் பணத்தின் பெயர் என்ன? இடுபொருள் மானியம். விதை, உரம் போட்டவனுக்கு, அதைப் போட்ட நிலத்தின் கணக்குப்படி தருவது. உழைப்பைப் போட்டவனுக்கு அந்த ஏட்டில் வரியே கிடையாது. அன்றைய நூறு நாள் வேலையை 150 நாளாக்குவதாக அப்போது சொன்னார்கள். கையில் அது இருந்தவரை கஞ்சி குடித்தார்கள். இல்லாதவர்கள் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் மூட்டை கட்டினார்கள்.

வறட்சி ஒரு விதம் என்றால் தை மாத மழை இன்னொரு விதம். பொங்கலுக்குள் மழை ஓய்ந்துவிடும் என்பது நம் பாட்டன் கண்ட கணக்கு. 2021 ஜனவரியில் அந்தக் கணக்கு பொய்த்தது. அறுக்க வேண்டிய சம்பா தண்ணீரில் சாய்ந்து கதிரிலேயே முளைத்தது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் மறுபடியும் அதே கதி. சாய்ந்த கதிரை அறுக்க ஆளைத்தானே கூப்பிட வேண்டும்? அதுவும் இல்லை. ஈர வயலுக்கு டயர் வண்டி ஆகாது. பெல்ட் வண்டி வரும். மணிக்கு வாடகை அதிகம். சாய்ந்த பயிரில் நேரமும் கூடுதல். விவசாயிக்கு அங்கே செலவு ஏறுகிறது. அறுப்புக்கு முன்பே வயலில் தெளித்து வைத்த உளுந்தும் பயறும் தண்ணீரில் அழுகிவிடுகின்றன. அந்தப் பயறு எடுப்பை நம்பியிருந்த பெண்களுக்கு மாசி, பங்குனி வேலையும் போகிறது. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டக்கூடாது என்று திருப்பி அனுப்புகிறார்கள். அந்த வரம்பைத் தளர்த்தத் தில்லியிலிருந்து அதிகாரி வந்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுப் போகவேண்டும். அதற்குள் குவியல் முளைத்துவிடும். முளைத்த நெல்லுக்கு யாருடைய கட்டளையும் வேண்டியதில்லை!

கஜா அடித்த 2018 நவம்பர் 16-ஐப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கே ஒன்று மட்டும். கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு எங்கும் தென்னைகள் முறிந்து கிடந்தன. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு மொட்டையாயிற்று. மரத்துக்கு இவ்வளவு, வெட்டி அப்புறப்படுத்த இவ்வளவு என்று சர்க்கார் கணக்குப் போட்டது. மரத்தின் சொந்தக்காரருக்கு அது போதாது. மறுபடி நட்டுக் காய்க்க ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேலாகும். அந்த ஆண்டுகளில் மரம் ஏறுபவனும், காய் உரிப்பவனும், மட்டை ஊறவைத்துக் கயிறு திரிக்கும் பெண்ணும் என்ன செய்வார்கள்? மரத்துக்குத் தலை எண்ணினார்கள். மனிதனுக்கு எண்ணவில்லை.

யார் பெயர் ஏறியிருக்கிறது?

பயிர்ச் சேதம் 33 சதவீதத்தைத் தாண்டினால்தான் நிவாரணம். சேதத்தைப் பார்க்க வருபவர் சிட்டா, அடங்கலோடு வருகிறார். அதில் பட்டாதாரர் பெயர் இருக்கிறது. உழுது பயிரிட்டவன் வாய்வழிக் குத்தகைக்காரன் என்றால் அவன் பெயர் இல்லை. கீழத்தஞ்சையில் கோயில் நிலமும் மடத்து நிலமும் எவ்வளவு, அதில் எத்தனை பேர் இப்படி இருக்கிறார்கள் என்பது நம் தோழர்களுக்குத் தெரியும். குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றவேண்டும் என்று 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. ஏற்றினால் நிலம் கைவிட்டுப் போகும் என்று சொந்தக்காரருக்குப் பயம்; கேட்டால் குத்தகையே போகும் என்று உழுபவனுக்குப் பயம். நடுவில், பயிர் மூழ்கினால் நிவாரணம் பட்டாதாரர் கணக்கில் விழுகிறது. குத்தகை நெல் மட்டும் மூழ்காமல் அளக்கப்படுகிறது.

2016-ல் வந்த பயிர்க் காப்பீடும் இப்படித்தான். கிராமத்தில் சில வயல்களில் அறுத்துப் பார்த்துச் சராசரி எடுப்பார்கள். மேட்டு வயல் தப்பித்துப் பள்ளத்து வயல் அழுகினால் சராசரி சரியாக இருக்கும். பள்ளத்துக்காரனுக்குப் பைசா கிடையாது. பிரீமியம் மட்டும் எல்லோரிடமும் உண்டு.

இதெல்லாம் மாற்ற முடியாததா? 1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. பி. சீனிவாசராவ் போன்ற தலைவர்கள் சேரிகளில் தங்கி, கூட்டிய கூட்டத்தின் பயன் அது. கூலி உயர்வு கேட்டதற்காக 1968 டிசம்பர் 25-ல் வெண்மணியில் 44 உயிர்களை எரித்தார்கள். அதற்குப் பிறகும் கூலி கேட்பது நின்றுவிடவில்லை. மழை கெட்டுப்போன ஆண்டில் போகும் வேலை நாளுக்கும் கூலி கேட்க வேண்டிய காலம் இப்போது வந்திருக்கிறது. பேரிடர் நிவாரண விதியில் பயிர், மாடு, படகு, வீடு எல்லாவற்றுக்கும் விலை இருக்கிறது; இழந்த வேலை நாளுக்கும் ஒரு வரி வேண்டும். மலையில் சரிவின் அடியிலுள்ள லயங்களை மேட்டுக்கு மாற்ற வேண்டும். செலவு தோட்ட முதலாளியுடையது. குத்தகைதாரர் பதிவை வருவாய் இலாகா ஊர் ஊராக வந்து செய்ய வேண்டும்.

கேட்டவுடன் தரமாட்டார்கள். “புள்ளிவிவரம் எங்கே?” என்பார்கள். அதில் மட்டும் அவர்கள் பக்கம் ஒரு நியாயம் உண்டு. நம்மிடம் புள்ளிவிவரம் இல்லை. ஆகவே ஒவ்வொரு கிளையும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கட்டும். இந்த வருஷம் தண்ணீர் எந்தத் தேதியில் மதகுக்கு வந்தது, எத்தனை ஏக்கர் நடவு, எத்தனை ஏக்கர் தெளிப்பு, போன வருஷம் இந்த மாதத்தில் எத்தனை நாள் வேலை, இந்த வருஷம் எத்தனை நாள், ஊரை விட்டுப் போனவர் எத்தனை பேர் என்று எழுதி வையுங்கள். ஆண்களைக் கேட்டால் சரியான கணக்கு வராது. நடவுக்குப் போகும் பெண்களைக் கேளுங்கள். அவர்களுக்கு நாள் தவறாமல் ஞாபகம் இருக்கும். அடங்கலோடு வரும் அதிகாரியின் முன்னே அந்த நோட்டை விரித்து வைப்போம்.